பிரித்தானியச் செவிலியர் பதிவுப் போராட்டம் (1887–1919)

பயிற்சி பெற்ற செவிலியரின் பெயர்களை அரசுப் பதிவேட்டில் சேர்க்கும் சட்டம் வேண்டி, பிரிட்டனில் செவிலியர் சங்கங்கள் 1887 முதல் 1919 வரை நடத்திய இயக்கம் பிரித்தானியச் செவிலியர் பதிவுப் போராட்டம் எனப்படுகிறது. இதன் முதன்மைத் தலைவர் எத்தல் பெட்ஃபோர்டு ஃபென்விக். எதிர்ப்பாளர்களில் பெரியவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல். மருத்துவமனை நிர்வாகங்களோடும் நாடாளுமன்றத்தோடும் நடந்த இப்போராட்டம், செவிலியர்களுக்கு உள்ளேயே நடந்த நீண்ட சண்டையாகவும் இருந்தது. சட்டம் வர 32 ஆண்டுகள் ஆனதற்கு அந்த உட்சண்டையும் ஒரு காரணம்.

பின்னணி

பிரிட்டனில் மருத்துவர்களுக்கு 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அரசுப் பதிவேடு வந்துவிட்டது. யார் தகுதி பெற்ற மருத்துவர், யார் போலி என்று அந்த ஏட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். செவிலியருக்கு அப்படி எதுவும் இல்லை. மூன்றாண்டு பயிற்சி பெற்றவரும், மூன்று மாதம் வார்டில் வேலை பார்த்துவிட்டு விலகியவரும், மருத்துவமனை வாசலையே மிதிக்காதவரும் ஒரே சீருடை அணிந்து தம்மைச் செவிலியர் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு தவிக்கும் குடும்பம் வந்தவரை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

கிரிமியப் போரிலிருந்து திரும்பிய நைட்டிங்கேலின் பெயரால் 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதைப் பின்பற்றிப் பல மருத்துவமனைகள் பள்ளிகள் திறந்தன. ஆனால் பயிற்சிக் காலம் ஒரே அளவாக இல்லை. ஓரிடத்தில் ஓராண்டு, வேறிடத்தில் இரண்டு, மற்றோரிடத்தில் மூன்று. பாடத்திட்டமும் தேர்வும் அந்தந்த மேட்ரனின் விருப்பம்.

இதற்குப் பின்னால் பணக் கணக்கு ஒன்றும் உண்டு. பயிற்சி மாணவியர் மிகக் குறைந்த ஊதியத்தில் வார்டுகளை நடத்தினார்கள். சில மருத்துவமனைகள் தம் செவிலியரைத் தனியார் வீடுகளுக்கு அனுப்பிக் கட்டணம் பெற்றன. பயிற்சிக் காலத்தை அரசு வரையறுத்தால் இந்த வருமானமும் அதிகாரமும் குறையும். பின்னாளில் நடந்த விவாதங்களில் ‘தொண்டு’, ‘குணநலன்’ போன்ற சொற்கள் நிறைய வருகின்றன. அவற்றைப் படிக்கும்போது இந்தக் கணக்கை மறந்துவிடக் கூடாது.

எத்தல் ஃபென்விக்

எத்தல் கார்டன் மேன்சன் 1857இல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். நாட்டிங்காமிலும் மான்செஸ்டரிலும் பயிற்சி பெற்றார். 1881இல், 24 வயதில், லண்டனின் பழம்பெரும் மருத்துவமனைகளில் ஒன்றான செயின்ட் பார்த்தலோமியூவின் மேட்ரன் ஆனார். அங்கே பயிற்சியை மூன்றாண்டாக்கினார். 1887இல் மருத்துவர் பெட்ஃபோர்டு ஃபென்விக்கை மணந்தார். மணமான பெண் மேட்ரனாக இருப்பது அக்கால வழக்கமில்லை என்பதால் பதவியை விட்டார். முப்பது வயதில் வேலை போனது, பொழுதும் வசதியும் கிடைத்தன. எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் பதிவேட்டுக்காகவே செலவிட்டார்.

அவர் கேட்டது எளிமையானது. மூன்றாண்டுப் பயிற்சி, நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு, தேர்ந்தவர்களின் பெயர் அரசுப் பதிவேட்டில். அந்தப் பதிவேட்டை நடத்தும் சபையில் செவிலியருக்கே இடம் வேண்டும் என்பதும் கோரிக்கையின் பகுதி. மருத்துவமனை முதலாளிகள் கையில் பதிவேடு போனால் பயனில்லை என்று அவர் கருதினார்.

மருத்துவமனை நிர்வாகிகளின் சங்கம் ஒன்று 1886இல் ஹென்றி பர்டெட் என்பவரின் முயற்சியால் உருவாகியிருந்தது. அதுவும் செவிலியர் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க முன்வந்தது. ஆனால் ஓராண்டுப் பயிற்சியே போதும் என்றது. மூன்றாண்டுக்குக் குறையக்கூடாது என்ற மேட்ரன்கள் பிரிந்து வந்து 1887இல் பிரித்தானியச் செவிலியர் சங்கத்தைத் தொடங்கினார்கள். விக்டோரியா அரசியின் மகள் இளவரசி ஹெலினா தலைவரானார். பர்டெட் கடைசிவரை எதிரணியில் இருந்தார். தாம் நடத்திய மருத்துவமனை இதழையும் அதற்குப் பயன்படுத்தினார்.

நைட்டிங்கேலின் எதிர்ப்பு

சங்கம் தொடங்கியபோது நைட்டிங்கேலுக்கு 67 வயது. பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்தார். ஆயினும் அவர் சொல்லுக்கு நாட்டில் இருந்த மதிப்பு வேறு எவருக்கும் இல்லை. அவர் பதிவேட்டை எதிர்த்தார் என்ற செய்தி இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். பள்ளிப் பாடங்களில் விளக்கேந்திய சீமாட்டியைப் படித்த தலைமுறைக்கு, செவிலியர் சட்டத்தைத் தடுக்க முயன்றவரும் அவரே என்பது சொல்லித்தரப்படவில்லை.

அவருடைய வாதத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. நல்ல செவிலியரை உண்டாக்குவது குணமும் அன்றாட ஒழுங்கும் என்றார். தேர்வுத்தாள் அவற்றை அளக்காது. மருத்துவர் ஒருமுறை தேறினால் போதும் என்ற முறையைச் செவிலியருக்குப் பொருத்தினால், இருபது ஆண்டுகளுக்கு முன் தேறிப் பின்பு கெட்டுப்போனவரின் பெயரும் ஏட்டில் நிலைத்துவிடும். செவிலியரை அறிந்தவர் அவருடைய மேட்ரன்தான். பொதுமக்கள் அவரிடமே விசாரிக்க வேண்டும். மேலும், பள்ளிகளின் தரம் இவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருக்கும்போது ஒரே தேர்வு வைத்தால், எல்லோரும் தாழ்ந்த அளவுக்கே இறங்கிவிடுவார்கள் என்று அஞ்சினார். இடைக்காலத்தில் தரத்தை உயர்த்தும் வேலை ஒழுங்காக நடந்தால், நாற்பது ஆண்டுகள் கழித்து இப்படிப்பட்ட திட்டம் அபத்தமாக இராது என்பது அவர் கருத்து.

குணத்தை ஏட்டில் எழுத முடியாது என்பது உண்மை. ஆனால் மேட்ரனிடம் விசாரித்துக்கொள் என்ற வழி, மேட்ரனை அணுகக்கூடிய குடும்பங்களுக்கு மட்டுமே உதவும். சந்தில் குடியிருப்பவர் யாரைப் போய் விசாரிப்பார்? செவிலியரின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதே குறை தெரியும். ஒரு மேட்ரனோடு மனஸ்தாபம் வந்தால், மூன்றாண்டு உழைப்புக்கும் அத்தாட்சி இல்லாமல் போய்விடும். ஃபென்விக்கின் அணி இந்த இரண்டு இடங்களையும் சரியாகவே பிடித்தது.

லண்டன் மருத்துவமனையின் மேட்ரன் ஈவா லூக்ஸ், நைட்டிங்கேலின் நண்பர். அவர் நடத்திய பயிற்சி இரண்டாண்டு. அவரும், அம்மருத்துவமனைத் தலைவர் சிட்னி ஹாலண்டும் எதிரணியின் தூண்கள்.

அரச சாசனம், 1893

சட்டம் உடனே கிடைக்காது என்று தெரிந்த சங்கம் வேறு வழியில் போனது. அரச சாசனம் கேட்டு விண்ணப்பித்தது. 1892இல் பிரிவி கவுன்சிலில் விசாரணை நடந்தது. எதிர்த்தரப்பின் மனுவுக்குப் பின்னால் நைட்டிங்கேல் இருந்தார். 1893இல் சாசனம் கிடைத்தது. பெண்களின் தொழிற்சங்கம் ஒன்று அரச சாசனம் பெற்றது அதுவே முதல்முறை.

ஆனால் சாசனத்தில் ஒரு சொல் மாறியிருந்தது. சங்கம் ‘பதிவேடு’ கேட்டது. கிடைத்தது, விண்ணப்பித்தவர்களின் பெயர்களை எழுதிவைக்கும் ‘பட்டியல்’. அப்பட்டியலில் இருப்பவர் தம்மைப் பதிவு பெற்றவர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இரு தரப்பும் தாமே வென்றதாகக் கொண்டாடின. சட்ட ஆவணங்களில் ஒரு சொல்லுக்காக ஆண்டுக்கணக்கில் ஏன் போராடுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அதைவிடப் பெரிய அடி உள்ளிருந்து வந்தது. சங்கத்தில் மருத்துவர்களும் உறுப்பினர்கள். 1890களின் நடுப்பகுதியில் நிர்வாகம் அவர்கள் செல்வாக்குக்குள் போனது. ஃபென்விக் ஓரங்கட்டப்பட்டார். அரசுப் பதிவுக்காகவே பிறந்த சங்கம், சில காலம் அந்தக் கோரிக்கையையே கைவிட்டது.

தனி ஏடும் வெளிநாட்டுத் தோழமையும்

தாம் தொடங்கிய சங்கத்தில் இடமிழந்தவர் சும்மா இருக்கவில்லை. 1893 முதல் செவிலியர் வார இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்தார். ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் நர்சிங்’ என்று பின்னர் பெயர் மாறிய அந்த இதழ்தான் அவருடைய உண்மையான ஆயுதம். சம்பளமின்றி, பல்லாண்டுகள் அதை நடத்தினார். எந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார், எந்த மேட்ரன் எந்தக் கூட்டத்தில் என்ன சொன்னார் என்பதெல்லாம் வாராவாரம் அச்சேறின. எதிரிகளைப் பற்றி அவர் எழுதியவை கனிவானவை அல்ல. 1894இல் மேட்ரன்கள் மன்றம், 1902இல் அரசுப் பதிவுக்கான தனிச் சங்கம் என்று புது அமைப்புகள் பிறந்தன.

1899இல் லண்டனில் கூடிய பெண்கள் மாநாட்டின்போது பன்னாட்டுச் செவிலியர் மன்றத்துக்கு வித்திட்டவரும் ஃபென்விக்தான். அதன் முதல் தலைவரும் அவரே. அந்தத் தொடர்பு வேகமாகப் பலன் தந்த இடம் பிரிட்டன் அல்ல, நியூசிலாந்து. லண்டன் மாநாட்டுக்கு வந்திருந்த கிரேஸ் நீல் ஊர் திரும்பியபின் எடுத்த முயற்சியால் 1901இல் அங்கே செவிலியர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. 1902 ஜனவரி 10ஆம் நாள் எலன் டோகெர்ட்டியின் பெயர் முதலாவதாகப் பதிவாயிற்று. தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றத்தில் சகோதரி ஹென்ரியெட்டா ஸ்டாக்டேலின் முயற்சியால் 1891ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்திலேயே செவிலியர் பதிவு இடம்பெற்றிருந்தது. குடியேற்ற நாடுகள் முந்திக்கொண்டன, தாய்நாடு காத்திருந்தது.

பிரிட்டனில் மருத்துவச்சிகளுக்குக்கூட 1902இல் தனிச்சட்டம் வந்துவிட்டது. செவிலியருக்கு மட்டும் இல்லை.

நாடாளுமன்றத்தில்

1904 முதல் போர் தொடங்கும் வரை, தனி உறுப்பினர் மசோதாவாகச் செவிலியர் பதிவு திரும்பத் திரும்ப மக்களவைக்கு வந்தது. தனி உறுப்பினர் மசோதாவின் கதி எப்போதும் ஒன்றுதான். அரசு நேரம் ஒதுக்காவிட்டால் கூட்டத்தொடர் முடிவதோடு அதுவும் முடிந்துவிடும். எதிர்த்து வாக்களிக்கவே தேவையில்லை. பேச்சை நீட்டினால் போதும். இதைச் செய்துகொண்டிருந்த பெண்களுக்கு அப்போது வாக்குரிமையும் இல்லை. தொகுதியில் தோற்கடிப்போம் என்று எந்த உறுப்பினரையும் அவர்கள் அச்சுறுத்த முடியாது. மனு, தூதுக்குழு, இதழ், சாட்சியம் ஆகியவையே அவர்களிடம் இருந்தவை.

1904இல் மக்களவை தெரிவுக்குழு ஒன்றை அமைத்தது. இரு தரப்பும் சாட்சியம் அளித்தன. அரசுப் பதிவு வேண்டும் என்று 1905இல் குழு பரிந்துரைத்தது. அரசு அசையவில்லை.

1908இல் பிரபுக்கள் சபையில் ஒரு மசோதாவை ஆம்ப்தில் பிரபு கொண்டுவந்தார். சென்னைக்கு இவர் அந்நியர் அல்லர். 1900 முதல் 1906 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர். 1904இல் சில மாதங்கள் பொறுப்பு வைசிராயாகவும் இருந்தார். எதிரணி, பதிவேட்டுக்கு மாற்றாக வெறும் பெயர்க்கையேடு போதும் என்று தன் மசோதாவைக் கொண்டுவந்து தோற்றது. ஆம்ப்திலின் மசோதா பிரபுக்கள் சபையில் நிறைவேறியது. மக்களவையில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. பிரிந்து கிடந்த சங்கங்களை ஒரு மையக் குழுவாகச் சேர்த்து அதற்கும் ஆம்ப்தில் தலைமை தாங்கினார். 1910இல் நைட்டிங்கேல் மறைந்தார். அதற்குப் பின்னும் நிலைமை மாறவில்லை.

போரும் கல்லூரியும்

1914இல் போர் வந்தது. சில வாரப் பயிற்சியோடு ஆயிரக்கணக்கான தன்னார்வப் பெண்கள் மருத்துவமனைகளில் குவிந்தார்கள். அவர்களில் பலர் செல்வக் குடும்பத்தினர். செஞ்சிலுவைச் சீருடையில் அவர்களையும் மூன்றாண்டு பயின்றவர்களையும் காயம்பட்ட சிப்பாயால் பிரித்தறிய முடியவில்லை. போர் முடிந்ததும் இவர்கள் எல்லோரும் செவிலியர் என்ற பெயரோடு வேலை தேடினால் தங்கள் கதி என்ன என்ற அச்சம் பயிற்சி பெற்றவர்களைப் பிடித்துக்கொண்டது. முப்பது ஆண்டுப் பிரசாரம் செய்யாததை இந்த அச்சம் செய்தது.

1916இல் ஆர்தர் ஸ்டான்லி, மேட்ரன் சேரா ஸ்விஃப்ட் முதலியோர் செவிலியர் கல்லூரி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெயர்தான் கல்லூரி, உண்மையில் அது ஒரு சங்கம். இன்றைய அரச செவிலியர் கல்லூரி அதன் வழி வந்தது. பெரிய மருத்துவமனைகளின் ஆதரவு அதற்கு இருந்தது. உறுப்பினர் எண்ணிக்கை விரைவாக உயர்ந்தது. கல்லூரியும் அரசுப் பதிவையே கேட்டது. ஆனால் மருத்துவமனை நிர்வாகிகள் நடத்தும் அமைப்பு என்று ஃபென்விக் அதை நம்ப மறுத்தார். இணைப்புப் பேச்சு தோற்றது. ஒரே கோரிக்கைக்கு இரண்டு படைகள்.

1919

இதற்கிடையே 1918இல் முப்பது வயதுக்கு மேற்பட்ட, சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு வாக்குரிமை வந்துவிட்டது. 1919இல் மேஜர் பார்னெட் மக்களவையில் மையக் குழுவின் மசோதாவைக் கொண்டுவந்தார். அது இரண்டாம் வாசிப்பைக் கடந்தது. கல்லூரியின் மசோதாவைப் பிரபுக்கள் சபையில் கொண்டுவந்தவர் கோஷன் பிரபு. அவர் 1924இல் சென்னை ஆளுநராக வந்தார். ஆக, சென்னையின் முன்னாள் ஆளுநர் ஒருவர் ஓரணியிலும், வருங்கால ஆளுநர் மற்றோரணியிலும் நின்றார்கள்.

இரண்டு மசோதாக்களும் ஒன்றையொன்று முடக்கின. பதிவேட்டை நடத்தும் சபையில் யாருக்கு எத்தனை இடம் என்பதே முக்கியத் தகராறு. அப்போதுதான் உருவான சுகாதார அமைச்சகத்தின் முதல் அமைச்சர் கிறிஸ்டோபர் அடிசன் இரண்டையும் ஒதுக்கி, அரசின் சார்பில் தாமே ஒரு மசோதா கொண்டுவந்தார். அரசு மசோதா என்பதால் நேரம் கிடைத்தது. 1919 டிசம்பரில் இங்கிலாந்து–வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனியாக மூன்று சட்டங்கள் நிறைவேறின.

சங்கங்கள் முப்பது ஆண்டுகள் உழைத்துப் பதிவை மறுக்க முடியாத கோரிக்கையாக ஆக்கின. ஆனால் சட்டத்தின் வாசகத்தை எழுதும் வாய்ப்பை, தமக்குள் ஒத்துப்போகாததால், அமைச்சரிடம் பறிகொடுத்தன. விளைவு சட்டத்திலேயே தெரிகிறது. பதிவு கட்டாயமல்ல. பதிவு செய்யாதவர் நோயாளியைக் கவனிக்கத் தடை இல்லை. ‘பதிவு பெற்ற செவிலியர்’ என்று சொல்லிக்கொள்ள மட்டுமே தடை. ‘செவிலியர்’ என்ற பெயருக்கே பாதுகாப்பு 1943ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது.

பதிவேடு

சட்டப்படி அமைந்த பொதுச் செவிலியர் சபையில் முதலில் 25 உறுப்பினர்கள். அவர்களில் 16 பேர் செவிலியர். 1921 செப்டம்பர் 30ஆம் நாள் பதிவேட்டின் முதல் எண் எத்தல் ஃபென்விக்குக்கு வழங்கப்பட்டது.

ஆனால் உடனே சிக்கல் வந்தது. முன்பே தொழிலில் இருந்தவர்களைச் சேர்ப்பதற்கு நிபந்தனைகளைத் தளர்த்த வேண்டியிருந்தது. விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவின் தலைவர் ஃபென்விக். ஒவ்வொரு சான்றிதழையும் அவர் துருவிப் பார்த்தார். வேலை தேங்கியது. 1921 இறுதியில் சபையின் பெரும்பாலோர் தலைவரோடு சேர்ந்து பதவி விலகும் அளவுக்குப் பூசல் முற்றியது. அடுத்த தேர்தலில், பதிவேட்டில் இடம்பெற்ற செவிலியரே வாக்களித்தபோது, ஃபென்விக் தோற்றார். வென்றவர்களில் பெரும்பாலோர் கல்லூரியைச் சேர்ந்தவர்கள்.

இந்தத் தோல்வியை நன்றிகெட்டதனம் என்று சொல்வது எளிது. ஆனால் வாக்களித்தவர்களில் பலர் ஏழையர் மருத்துவமனைகளிலும் சிற்றூர் மருத்துவமனைகளிலும் பயின்றவர்கள். மனநல மருத்துவமனைச் செவிலியரைத் தம் சங்கத்தில் சேர்ப்பதை ஃபென்விக் முன்னொரு காலத்தில் எதிர்த்ததை அவர்கள் அறிவார்கள். கதவைத் திறக்கப் போராடியவரே வாசலில் நின்று தங்களைத் திருப்பி அனுப்புவார் என்ற ஐயம் அவர்களுக்கு இருந்திருந்தால் அது காரணமற்றதல்ல. பதிவேட்டின் பொதுப்பகுதியும் பெண்களுக்கு மட்டுமே. ஆண் செவிலியர், மனநலச் செவிலியர், குழந்தைகள் மருத்துவமனைச் செவிலியர், தொற்றுக்காய்ச்சல் மருத்துவமனைச் செவிலியர் ஆகியோர் துணைப்பகுதிகளில் வைக்கப்பட்டனர். ஆண்களுக்கான தனிப்பகுதி 1949 வரை நீடித்தது.

முதல் அரசுத் தேர்வு 1925இல் நடந்தது. பாடத்திட்டத்தை எல்லாப் பள்ளிகளுக்கும் கட்டாயமாக்கச் சபை விரும்பியது. அமைச்சகம் இணங்கவில்லை; அது அறிவுரையாகவே நின்றது. தேர்வு நாட்டுக்குப் பொது, பயிற்றும் முறையோ மருத்துவமனையின் விருப்பம். நைட்டிங்கேல் எச்சரித்த ஏற்றத்தாழ்வு அவ்வளவு எளிதில் மறையவில்லை.

ஃபென்விக் 1947இல், 90 வயதில் காலமானார்.

இந்தியாவிலும் சென்னையிலும்

இந்தியாவில் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 1908இல் உருவாயிற்று. தொடக்கத்தில் அதை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியச் செவிலியக் கண்காணிப்பாளர்கள். 1912இல் அது ஃபென்விக் தொடங்கிய பன்னாட்டு மன்றத்தில் உறுப்பினரானது. அரசுப் பதிவு இச்சங்கத்தின் கோரிக்கைகளிலும் இருந்தது.

சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் 1926இல் வந்தது. இந்திய மாகாணங்களில் இத்துறையில் முன்னோடிச் சட்டங்களில் ஒன்று அது. அப்போது ஆளுநராக இருந்தவர், 1919இல் லண்டனில் கல்லூரியின் மசோதாவைக் கொண்டுவந்த அதே கோஷன் பிரபு. பொருத்தம் சுவையானது, ஆனால் அதை வைத்துப் பெரிய கதை கட்டத் தேவையில்லை. இங்கிலாந்தில் 1902இலும் 1919இலும் தனித்தனிச் சட்டங்கள் பெற்ற மருத்துவச்சிகளையும் செவிலியரையும் சென்னை ஒரே சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. அகில இந்திய அளவில் பயிற்சியை ஒரே சீராக்க இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் 1947இல் நிறைவேறியது. 1926ஆம் ஆண்டுச் சட்டம் பின்னர் தமிழ்நாடு என்ற பெயரேற்றது. தமிழ்நாடு செவிலியர், மருத்துவச்சிகள் கவுன்சில் அதன் வழி அமைந்ததே.